வாய்க்குள் ஐந்து நிமிடம்

இப்போது கிரவுன் போட வரும் இளைஞர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் போதும். ஸ்கேனரின் முனை பல் வரிசை மேல் நகர நகர, எதிரே இருக்கும் திரையில் அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக உருவாகி நிற்கும். மேல் வரிசை, கீழ் வரிசை, பிறகு கடித்த நிலை. சில நிமிடங்களில் அளவெடுக்கும் வேலை முடிந்துவிடும். “அவ்வளவுதானா டாக்டர்?” என்று எழுந்து கைபேசியைத் தேடுவார். வாய் கொப்பளிக்கக்கூடத் தேவை இருக்காது.

1980களின் நடுவில் நான் சென்னையில் பல் மருத்துவம் படித்தபோது இதே வேலைக்கு வெந்நீர் வேண்டும், ஸ்பிரிட் விளக்கு வேண்டும், ரப்பர் கிண்ணம் வேண்டும், நோயாளியின் கழுத்தில் கட்டத் துண்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளிக்குப் பொறுமை வேண்டும். அச்சுப்பொருள் நிரப்பிய ட்ரேயை வாய் நிறைய வைத்துக்கொண்டு, எச்சில் வழிய, மூக்கால் மூச்சு விட்டபடி, குமட்டலை அடக்கிக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த நிமிடங்களை நினைத்தால் இன்றும் அவர்கள் மேல் மரியாதை வருகிறது. பல் மருத்துவத்தின் பாதி வரலாறு அந்த நிமிடங்களைக் குறைக்க நடந்த முயற்சிதான். அந்த முயற்சியின் பழைய கட்டம், புதிய கட்டம் இரண்டையும் என் கையால் செய்து பார்க்கக் கிடைத்ததை ஒரு பேறாகவே கருதுகிறேன்.

பல் செட்டுப் பிரிவில் எங்கள் கைக்கு முதலில் வந்தது அச்செடுக்கும் பொருளான இம்ப்ரஷன் காம்பவுண்ட். செங்காவி நிறத்தில் தட்டையான வில்லை. பிசின், மெழுகு, ஸ்டியரிக் அமிலம், டால்க் தூள் சேர்ந்த கலவை. 60 டிகிரிப் பக்கம் சூடான தண்ணீரில் இளகும். வாயின் 37 டிகிரிக்கு வரும்போது இறுகும். வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால் மேற்புறம் குழைந்துவிட்டாலும் நடுப்பகுதி கெட்டியாகவே இருக்கும். பாத்திரத்தின் அடியில் ஒட்டாதபடி துணி விரித்து, வில்லை முழுதும் ஒரே பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் வாயில் வைத்த பிறகு ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் அழுந்தாது. தண்ணீருக்குள்ளேயே ரொம்ப நேரம் பிசைந்தால் நீரை உள்ளிழுத்து வலுவிழந்துவிடும். பதம் பார்க்க விரலைத் தவிர வேறு கருவி கிடையாது.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை மறக்கவே முடியாது. மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. பேத்தி கல்யாணம் வருகிறது, பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“ஐயா, கொஞ்சம் சூடா இருக்கும். வாய நல்லா தொறங்க.”

“பரவால்லம்மா. வெயில்ல நின்ன ஒடம்பு இது.”

முதல் நாள் காம்பவுண்டில் எடுத்த அளவை வைத்து அவருடைய வாய்க்கென்றே தனி ட்ரே செய்தோம். அடுத்த முறை வந்தபோது அந்த ட்ரேயின் ஓரத்தில் பச்சை நிறக் காம்பவுண்டுக் குச்சியை விளக்கில் காட்டி இளக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினோம். ஒவ்வொரு துண்டையும் வெந்நீரில் முக்கி, வாய் சுடாது என்று உறுதி செய்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். வைத்தவுடன் நோயாளிதான் வேலை செய்ய வேண்டும். “ஊன்னு உதட்டக் குவிங்க. ஈன்னு இளிங்க. கன்னத்த உள்ள உறிஞ்சுங்க. நாக்க வெளிய நீட்டுங்க.” பேராசிரியர் பின்னால் நின்று, “நீ இழுக்காதே, அவரையே அசைக்கச் சொல்லு. அவர் சாப்பிடும்போது நீ கூட இருக்கப் போறதில்லை” என்றார்.

உதடு, கன்னம், நாக்கு ஆகியவற்றின் தசைகள் அசைந்து அசைந்து அந்த ஓரத்தைத் தாங்களே வடித்தன. ட்ரே நீண்டிருந்த இடத்தில் தசை அதைத் தள்ளி உருட்டியது. குறைந்திருந்த இடத்தில் இன்னும் ஒரு துண்டு சேர்த்தோம். கடைசியாக “ஆ” சொல்லவைத்து, கடின அண்ணம் முடிந்து மென் அண்ணம் அசையத் தொடங்கும் கோட்டைக் கண்டுபிடித்து அங்கே பின் ஓரத்தை முடித்தோம். பிறகு ட்ரேயின் பிடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பெரியவருக்கு வாய்க்குள் ட்ரேயோடு சிரிப்பு வந்துவிட்டது. வெளியே எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “புடிச்சிக்கிச்சே!”

பல் செட்டு அப்படித்தான் வாயில் நிற்கிறது. பசையும் இல்லை, கொக்கியும் இல்லை. செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம். அதற்குள் காற்று புகாதபடி சுற்றிலும் மூடும் ஓரம். ஓரம் நீளமானால் உறுத்திப் புண்ணாக்கும். குட்டையானால் காற்று புகுந்து செட்டு கழன்று விழும். பேத்தி கல்யாணத்தில் அவர் அப்பளத்தை நொறுக்க முடியுமா என்பது அந்த ஓரத்தில் முடிவானது.

இந்த அறிவு எளிதில் வந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நீர்யானைத் தந்தத்தைச் செதுக்கிப் பல் செட்டு செய்தார்கள். காம்பஸ் வைத்து அளந்து செதுக்குவார்கள்; சாயம் தடவி வாயில் வைத்து, ஒட்டிய இடத்தைச் சுரண்டுவார்கள்; மறுபடி வைப்பார்கள், மறுபடி சுரண்டுவார்கள். அரசர்களுக்கும் பிரபுக்களுக்குமே அந்த கதி. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் பல் மருத்துவரான பிலிப் பாஃப் 1756இல் பெர்லினில் வெளியிட்ட நூலில் வேறு வழியை எழுதினார்: வெந்நீரில் இளக்கிய மெழுகால் வாயின் அச்சை இரண்டு பாதிகளாக எடுத்து, சேர்த்து, அதற்குள் சாந்து ஊற்றி மாதிரி வார்ப்பது. நோயாளியின் வாயை மேஜை மேல் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்ற நிலைமை அதிலிருந்து பிறந்தது. இரண்டு பாதிகளாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. மெழுகு மென்மையானது, முழுதாக எடுத்தால் வெளியே வரும்போதே வளைந்துவிடும்.

1840களில் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் பாரிஸ் சாந்தையே குழைத்து நேராக வாய்க்குள் வைக்கத் தொடங்கினார்கள். குழைத்தவுடன் தளதளவென்று இருக்கும் என்பதால் ஈறை அழுத்தாது. நுணுக்கமும் துல்லியமாக விழும். ஆனால் இறுகும்போது சூடு வரும், வாயில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். பற்கள் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். இறுகிய சாந்து பல்லின் இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும். அதை வாய்க்குள்ளேயே உடைத்து, துண்டு துண்டாக எடுத்து, வெளியே பொருத்திச் சேர்க்க வேண்டும். அந்தத் துண்டுகளை வரிசை பிசகாமல் சேர்ப்பதற்கே தனித் திறமை வேண்டியிருந்தது.

அதே நேரத்தில் இன்னொரு மாற்றம் வந்தது. 1851இல் நெல்சன் குட்இயர் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைட் என்று பெயர் பெற்ற அந்த ரப்பரை வாயின் மாதிரி மேலேயே அழுத்திச் சூடாக்கிப் பல் செட்டின் அடித்தளமாக்க முடிந்தது. தந்தத்தைவிட எவ்வளவோ மலிவு. நடுத்தரக் குடும்பங்களுக்கும் பல் செட்டு எட்டியது. ஆனால் செதுக்கும் வேலை போனதும் அளவின் பொறுப்பு பல மடங்கு கூடியது. அச்சில் இருக்கும் பிசகு அப்படியே செட்டில் வந்து நின்றது. 1937இல் அக்ரிலிக் வந்த பிறகும் கணக்கு அதேதான்.

அதனால்தான் அச்சுப் பொருளைச் செம்மைப்படுத்தப் பலர் வாழ்நாளையே கொடுத்தார்கள். லண்டன் பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட், குட்டாபெர்ச்சா என்ற மரப்பாலுடன் ஸ்டியரின், டால்க், சிவப்புச் சாயம் சேர்த்து 1856இல் ஒரு கலவை செய்தார். எங்கள் செங்காவி வில்லை அந்த வழியில் வந்ததுதான். 1900ஐ ஒட்டி அமெரிக்காவில் கிரீன் சகோதரர்கள் காம்பவுண்டை வைத்து, தசைகள் அசையும் நிலையிலேயே அளவு எடுக்கும் முறையைப் பரப்பினார்கள். பெரியவரை “ஊ”, “ஈ” சொல்லச் சொன்னோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

ஈறை அழுத்தி எடுப்பதா, அழுத்தாமல் எடுப்பதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. சாப்பிடும்போது அழுத்தம் விழத்தான் போகிறது, அந்த நிலையிலேயே எடு என்றது ஒரு தரப்பு. நாளில் பெரும்பகுதி ஈறு சும்மாதான் இருக்கிறது, ஓய்வு நிலையில் எடு என்று 1940களில் ஹாரி பேஜ் சொன்னார். தாங்கக்கூடிய இடத்தில் அழுத்தி, தாங்காத இடத்தில் விட்டு எடுக்கலாம் என்ற நடுவழியை பவுச்சர் போன்றவர்கள் நிலைநிறுத்தினார்கள். நாங்கள் படித்தது அந்த நடுவழிதான். ஒரே வாயில் எலும்பு மேல் ஒட்டிய கெட்டி ஈறும் இருக்கும், தொட்டால் அசையும் தொளதொள ஈறும் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் செட்டு உட்காராது.

ஓரம் வடித்த பிறகு உள்ளே தடவுவது 1930களில் புழக்கத்துக்கு வந்த துத்தநாக ஆக்சைடு பேஸ்ட். இரண்டு குழாய்கள், இரண்டிலிருந்தும் ஒரே நீளத்துக்குப் பிதுக்கி, ஒரே நிறம் வரும்வரை வேகமாகக் கலக்க வேண்டும். கிராம்பு எண்ணெயிலிருக்கும் யூஜினால் அதில் உண்டு. எங்கள் பிரிவின் காற்றிலேயே கிராம்பு வாசம் நிற்கும். உதட்டில் ஒட்டினால் எரியும் என்பதால் முன்கூட்டியே வாஸ்லின் பூசுவோம். சூடும் ஈரப்பதமும் அதை விரைவில் இறுக்கிவிடும். சென்னைக் கோடையில், மின்விசிறியும் நின்றுபோன மதியத்தில் அதைக் கலப்பதற்குத் தனி நிதானம் வேண்டும்.

பற்கள் உள்ளவர்களுக்கு ஆல்ஜினேட். பொடியில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் கிண்ணத்தின் சுவரோடு சேர்த்துத் தேய்த்துக் குழைப்போம். சோடியம் ஆல்ஜினேட்டும் கால்சியம் சல்பேட்டும் சேர்ந்து கரையாத கால்சியம் ஆல்ஜினேட் கூழாக மாறும். அந்த வினையைச் சற்றுத் தாமதப்படுத்த ஒரு பாஸ்பேட் உப்பு. தண்ணீர் சூடானால் கலக்கும்போதே கெட்டியாகிவிடும். அதனால் கோடையில் ஐஸ் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்வோம். இறுகியதும் வளைந்து கொடுக்கும் என்பதால் ஒரே இழுப்பில் வெளியே எடுக்கலாம். வாய்க்குள் எதையும் உடைக்க வேண்டாம். அதன் கண்டுபிடிப்பு நோயாளிகளுக்குச் செய்த உபகாரம் சாதாரணமானது இல்லை. ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர். காற்றில் விட்டால் சுருங்கும், தண்ணீரில் விட்டால் ஊதும். எடுத்த கையோடு சாந்து ஊற்ற வேண்டும். முடியாவிட்டால் ஈரத்துணியில் சுற்ற வேண்டும்.

இந்த ஆல்ஜினேட் கடலிலிருந்து வருகிறது. பழுப்புக் கடற்பாசியில் இருக்கும் பசையை பிரிட்டனில் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் 1880களில் பிரித்தெடுத்தார். பல காலம் கழித்து வில்டிங் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைப் பல் அச்சுக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திக்கொண்டது இன்னொரு பாசி, அகர். வியன்னாவின் அல்ஃபோன்ஸ் போலர் 1920களில் உடல் உறுப்புகளை அச்செடுக்க அகர் கலவையை உருவாக்கினார். அது பல் மருத்துவத்துக்கும் வந்தது. நோன்பு மாதத்தில் பல வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி உறைய வைக்கிற கடல்பாசியும் அகர்தான். அதன் விசேஷம், உருக 100 டிகிரிப் பக்கம் சூடு வேண்டும், ஆனால் 40 டிகிரியை ஒட்டி ஆறும்வரை உறையாது. அந்த இடைவெளிதான் வாயைச் சுடாமல் அதை வைக்க இடம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றபோது ஆல்ஜினேட் அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டு பாசிகளும் நம் கடலில் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் தயாரிக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். நான் மாணவியாக இருந்தபோது அந்தப் பொடிக்குப் பின்னால் இப்படி ஒரு கடலும் இப்படிப்பட்ட கைகளும் இருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்கிறேன்.

பிறகு ரப்பர்கள் வந்தன. 1950களில் பாலிசல்ஃபைடு: ஈய டை ஆக்சைடால் கரும்பழுப்பு நிறம், அழுகிய நாற்றம், சட்டையில் பட்டால் போகாத கறை, இறுக எட்டு நிமிடத்துக்கு மேல். ஆனால் கிழியாமல் நுணுக்கமாகப் பதியும். 1965இல் ஜெர்மனியின் எஸ்பே நிறுவனம் பாலிஈதரைக் கொண்டுவந்தது. வேறு தொழிலிலிருந்து கடன் வாங்காமல் பல் அச்சுக்கென்றே உருவான ரப்பர் அது, ஈரத்துக்கு அஞ்சாது. 1970களின் நடுவில் அடிஷன் சிலிக்கோன் வந்தது. வாசமில்லை, கறையில்லை, இறுகிய பிறகு சுருங்குவதும் மிகக் குறைவு. அன்றே சாந்து ஊற்ற வேண்டும் என்ற அவசரமும் போயிற்று.

1980களில் எய்ட்ஸ் பயம் வந்தது. அதற்கு முன் வெறுங்கையால் வேலை செய்தவர்கள் பலர். அச்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு கையுறை கட்டாயமானது, அச்சைக் கிருமிநாசினியில் நனைப்பது வழக்கமானது. கையுறை வந்தபோது ஒரு புதிய சிக்கலும் சேர்ந்து வந்தது: லேடெக்ஸ் கையுறையிலிருக்கும் கந்தகம் பட்டால் அடிஷன் சிலிக்கோன் இறுகாது. அதனால் மாவுப் பதத்தில் இருக்கும் அந்தச் சிலிக்கோனைப் பிசைய வினைல் கையுறை மாட்டிக்கொண்டோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குணம். அதைத் தெரிந்துகொண்டவர் கையில்தான் அது வேலை செய்கிறது.

ஒளியால் அச்சு எடுக்கும் எண்ணம் பிரான்ஸின் பிரான்சுவா துரேக்கு 1970களின் தொடக்கத்திலேயே இருந்தது. 1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மானும் மார்கோ பிராண்டெஸ்டினியும் உருவாக்கிய செரெக் கருவியால் ஒரே அமர்வில் பல் குழிக்கு ஸ்கேன் எடுத்து, பீங்கானைக் கடைந்து, பொருத்திக் காட்டினார்கள். நான் வெந்நீரில் வில்லையை இளக்கக் கற்றுக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை. இன்று கிரவுனுக்கும் சின்ன பிரிட்ஜுக்கும் ஸ்கேன் எடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்கும், குழந்தைகளுக்கும், அண்ணப் பிளவோடு பிறந்த பச்சிளம் சிசுக்களுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். சிசுவின் வாயில் அச்சுப்பொருளை வைத்துவிட்டு, அது மூச்சுக்குழாய்க்குப் போய்விடக் கூடாதே என்று பதறிய தலைமுறை நாங்கள்.

ஆனால் ஒரு பல்லும் இல்லாத வாய் வேறு. ஸ்கேனர் பார்ப்பது மேற்பரப்பை. ஈரமாக, வழுவழுப்பாக, அடையாளப் புள்ளி இல்லாத ஈறில் அது ஒரு படத்தை அடுத்த படத்தோடு சேர்க்கத் தடுமாறுகிறது. அதைவிட முக்கியம், ஸ்கேன் எடுக்க நாம் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கிறோம்; உதட்டை விரித்துப் பிடிக்கிறோம். தசை அசைந்து வடிக்க வேண்டிய ஓரம் அங்கே கிடைப்பதில்லை. எந்த இடம் அழுத்தம் தாங்கும், எது தாங்காது என்பதும் ஒளிக்குத் தெரியாது. அதனால் முழுப் பல் செட்டுக்கு நான் இன்றும் ஓரத்தைக் கையால்தான் வடிக்கிறேன். வேண்டுமானால் பிறகு அந்த அச்சை ஸ்கேன் செய்துகொள்வேன்.

எனக்குக் கவலை தருவது வேறு. ஓரம் வடிக்க நேரமாகிறது, காசு வருவதில்லை என்று அதை விட்டுவிடும் பழக்கம் பெருகுகிறது. ஒரே ஒரு ஆல்ஜினேட் அச்சை வைத்து முழுச் செட்டு செய்து கொடுத்துவிடுகிறார்கள். அது நிற்பதில்லை. வாங்கியவர் “எனக்கு ஒத்துக்கல” என்று டப்பாவில் போட்டுவைத்துவிட்டு, கஞ்சியும் குழைந்த சோறும் தின்று மிச்ச வாழ்க்கையைக் கழிக்கிறார். பல் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்கேனரைச் சொல்லிக்கொடுங்கள், கூடவே அந்தப் பச்சைக் குச்சியையும் மாணவர் கையில் கொடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பெரியவர்களுக்குப் பல் செட்டு கட்டப் போகிறீர்கள் என்றால், “ஒரே நாளில் கிடைக்குமா?” என்று கேட்காதீர்கள். அளவுக்கு இரண்டு தடவை வரச் சொன்னால் இரண்டு தடவையும் கூட்டிப் போங்கள். வாயை அசைக்கச் சொன்னால் வெட்கப்படாமல் அசைக்கச் சொல்லுங்கள். செட்டு கிடைத்த பிறகு உறுத்தினால் வீட்டில் பிளேடால் சுரண்டாதீர்கள். கட்டிய இடத்துக்கே போய்ச் சொல்லுங்கள். பல் போன தாடை எலும்பு வருடத்துக்கு வருடம் கரைந்துகொண்டேதான் இருக்கும், நன்றாகப் பிடித்த செட்டும் ஒரு நாள் தளரும். அப்போது மறுபடி அளவு எடுத்து அதன் உட்புறத்தைப் புதுப்பிக்கலாம். செட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டியதில்லை.